குறைந்த பணத்தில் நம்பி ஓட்டக்கூடிய பழைய சின்னக் கார்: எதைப் பார்த்து வாங்குவது?

மேகமூட்டம்:

வணக்கம். முதன்முறையாகக் கார் வாங்கப் போகிறேன். கையில் இருப்பது சேமிப்புப் பணம் மட்டும்தான், கடன் வாங்கும் எண்ணமில்லை. வேலைக்குப் போய்வர தினமும் சிறிய தூரம், எப்போதாவது நெடுந்தூரம். நாலு பேர் உட்கார வேண்டும், அதில் ஒருவர் மூட்டுவலியுள்ள என் அம்மா. வண்டி பளபளவென்று இருக்க வேண்டியதில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும், வழியில் நின்றுவிடக் கூடாது.

என் பணத்துக்குள் மூன்று விதமான வண்டிகள் வருகின்றன. 12 வருடப் பழசு, ஆனால் மிகக் குறைவாக ஓடியது. 7 வருடப் பழசு, நிறைய ஓடியது. மூன்றாவது, "சின்ன வேலை ஒன்று இருக்கு, அதான் விலை கம்மி" என்று விற்பவர் சொல்வது. எதன் பக்கம் போவது? எந்தக் கம்பெனி நல்லது? பெட்ரோலா டீசலா? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது.

எண்ணெய்க்கை:

மூன்றாவதை முதலில் ஒதுக்குங்கள். உண்மையிலேயே சின்ன வேலையாக இருந்தால் விற்பவரே அதை முடித்துவிட்டு நல்ல விலைக்கு விற்றிருப்பார்.

பணத்தைப் பற்றி ஒன்று. இருப்பதை எல்லாம் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்து பங்காகப் பிரித்தால், நாலு பங்குக்குள் வண்டி, பெயர் மாற்றும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றும் முடிய வேண்டும். மீதி ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பழைய வண்டி எது வாங்கினாலும் முதல் மாதத்தில் இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றியே ஆக வேண்டும். பேட்டரியோ டயரோ கூடவே வந்து நிற்கும். அந்தப் பங்கு கையில் இல்லாதவர்கள்தான் மூன்றே மாதத்தில் வண்டியைத் திரும்ப விற்கிறார்கள். இத்தனை வருடமாகப் பட்டறையில் நான் பார்ப்பது இதைத்தான்.

கம்பெனி பெயர் அப்புறம். இதுவரை யார் வைத்திருந்தார், எப்படி வைத்திருந்தார் என்பதுதான் முதல் கேள்வி. பத்து வருடம் நேரத்துக்கு ஆயில் மாற்றிய சாதாரண வண்டி, கவனிப்பில்லாமல் ஓடிய பேர்போன வண்டியை விட நிச்சயம் நல்லது. சர்வீஸ் புத்தகம் கேளுங்கள். அதைவிடப் பட்டறை ரசீதுகள் மேல், ஏனென்றால் புத்தகத்தில் முத்திரை மட்டும் இருக்கும், ரசீதில் என்ன மாற்றினார்கள் என்பது இருக்கும். ஒவ்வொரு ரசீதிலும் தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதியிருப்பார்கள். அதை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இறங்கினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

நேர்கோடு:

எண்ணெய்க்கை அண்ணா சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. வயது முக்கியம், அதுவும் பாதுகாப்புக்காக. வயதான அம்மாவை ஏற்றிப்போகிற வண்டி இது. பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், முன்பக்கம் இரண்டு ஏர்பேக், முடிந்தால் வழுக்கும்போது வண்டியை நேராக்கும் ஈஎஸ்சி, இவை இல்லாத வண்டியை மலிவு என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் புதிதாக விற்கும் எல்லாக் காரிலும் 2014 நவம்பரிலிருந்து ஈஎஸ்சி கட்டாயம். அதற்கு முந்தைய சின்னக் கார்களில், விலை குறைந்த வேரியன்டில் அது இல்லாமலே இருக்கும். ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் வேரியன்ட்டைப் பொறுத்து ஏர்பேக்கே இல்லாத வண்டிகளும் உண்டு. விளம்பரத்தில் மாடல் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று, டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக். உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி இன்ஃபிளேட்டர்களை, அதாவது ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகங்களை, திரும்பப் பெற வேண்டியிருந்த விவகாரம் அது. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்துத் துண்டுகள் முகத்தில் பாயும். ஹோண்டா, டொயோட்டா, நிசான் என்று பல கம்பெனிகளின் சின்னக் கார்களும் அதில் உண்டு. வண்டியின் சேஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் திரும்பப் பெறும் வண்டிகளுக்கான ரீகால் பக்கத்தில் போட்டால் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மாற்றித் தருவது இலவசம். வாங்குவதற்கு முன்பே பாருங்கள்.

மேகமூட்டம்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஏர்பேக் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்போ 12 வருடம், குறைவாக ஓடியது. 7 வருடம், நிறைய ஓடியது. இந்த இரண்டில்? குறைவாக ஓடியதுதானே தேய்மானம் குறைவு?

நாலாம்கியர்:

அப்படிச் சொல்ல முடியாது. ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் வயதாகும். டயர், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், கதவு ரப்பர் எல்லாமே வருடக் கணக்கில் காய்ந்து வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அதோடு, தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வந்திருக்காது. ஆயிலில் நீரும் பெட்ரோலும் கலந்து தங்கும், சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

நெடுஞ்சாலையில் டாப் கியரில் நிறைய ஓடிய வண்டிக்கு கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாம் குறைவாகத்தான் தேய்ந்திருக்கும். ஆகவே கிலோமீட்டரைத் தனியாகப் பார்க்காதீர்கள். எந்த ஓட்டம் என்று கேளுங்கள். வாடகைக்கு ஓடியதா என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

மீட்டரில் இருப்பது உண்மையா என்பதை வண்டியின் உட்புறமே காட்டிக்கொடுக்கும். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருக்கிறதா, ஸ்டியரிங்கில் கை படும் இடம் வழவழவென்று மின்னுகிறதா, ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரில் 40,000, ஆனால் பெடல் ரப்பர் தேய்ந்து உலோகம் தெரிகிறது என்றால் நடையைக் கட்டுங்கள். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

தென்றல்2:

என் அனுபவம் ஒன்று. போன வருடம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். காலையில் வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். போய் பானெட் மேல் கை வைத்தால் சூடு. "நீங்கள் வருவீர்கள் என்று கொஞ்சம் ஓட்டிவைத்தேன்" என்றார் விற்பவர். நான் ஒன்றும் சொல்லாமல், மறுநாள் வருகிறேன், தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்றேன். மறுநாள் ஸ்டார்ட் ஆக வெகுநேரம் திணறியது. ஆனதும் சைலன்சரிலிருந்து நீலப் புகை கொத்தாக வந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். சூடாக இருந்தபோது அந்த வண்டி அவ்வளவு அழகாக ஓடியது!

எண்ணெய்க்கை:

சரியாகச் செய்தீர்கள் அம்மா. குளிர்ந்த இன்ஜின் உண்மையைச் சொல்லும். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரவு முழுக்க நின்ற வண்டியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, அளவு குறியீட்டுக்குக் கீழே போயிருந்தால் ஆயில் குடிக்கிற வண்டி, அல்லது கவனிக்காத ஓனர். ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். வெண்ணெய் போல வெளுத்த பிசுக்கு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குறுகிய தூரமே ஓடுகிற வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் படிவது உண்டு. அதே பிசுக்கு குச்சியிலும் இருந்து, கூலன்ட் டேங்கில் எண்ணெய் மிதந்தால் இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவிலுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, வேறு பேச்சே வேண்டாம். கூலன்ட் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள், சூட்டில் திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். உள்ளே கலர் கூலன்ட் இருக்க வேண்டும். துருப்பிடித்த செம்மண் நிறத் தண்ணீர் இருந்தால் இத்தனை நாள் வெறும் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். இன்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்தில் அணைய வேண்டும். ஏதாவது ஒன்று முதலில் எரியவே இல்லை என்றால், குறை தெரியக் கூடாது என்று அதைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கலாம். ஏர்பேக் விளக்கில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஏர்பேக்கே இருக்காது.

ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். குளிர்ச்சியில் கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வந்து மறைந்தால் சாதாரணம். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் எரிகிறது. நீலம் என்றால் ஆயில். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. முதல் சில நொடிகளில் இன்ஜின் பக்கவாட்டில் சங்கிலி உரசும் கடகட சத்தம் வந்தால், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம்.

ஐடிலில் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள், ஏசி போட்டு. ரேடியேட்டர் ஃபேன் சுற்றி நிற்கிறதா, வெப்பமானி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஓவர்ஹீட் ஆகிற வண்டி இங்கேதான் மாட்டும். விற்பவர் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்படாதீர்கள்.

மலைப்பாதை:

டீசல் எடுங்கள் நண்பரே. மைலேஜ் அதிகம், இழுவை அதிகம், இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும். என்னுடையது நிறைய ஓடியும் குறையே இல்லை.

நாலாம்கியர்:

மலைப்பாதை, உங்கள் ஓட்டம் நெடுந்தூரம், உங்களுக்குச் சரி. அவருடையது தினமும் சிறிய தூரம். புதிய தலைமுறை டீசலில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். தெருமுனை வரை போய்வருகிற வண்டியில் அடைத்துக்கொள்ளும். அதோடு டர்போ, இன்ஜெக்டர், உயரழுத்த பம்ப் என்று ஒவ்வொன்றும் ஒரு பெரிய செலவு. பணம் குறைவாக இருப்பவருக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், இதுவே போதும். கெட்டுப்போக அதில் இருப்பதே கொஞ்சம்தான்.

மலைப்பாதை:

சிறிய தூரம் என்று எழுதியிருந்ததைக் கவனித்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோலே எடுங்கள்.

மேகமூட்டம்:

சரி, பெட்ரோல். ஆட்டோமேட்டிக் இருந்தால் நெரிசலில் வசதி என்று நினைத்தேன். அதையும் விட்டுவிடவா? மாடல் பெயர்களாகக் கொஞ்சம் சொன்னால் தேட எளிதாக இருக்கும்.

நேர்கோடு:

ஆட்டோமேட்டிக்கில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த பழைய முறை நம்பகமானது, ஆயில் மாற்றியிருந்தால். தனித்தனி கியர் படிகள் இல்லாத சிவிடி வண்டியில் நின்ற இடத்திலிருந்து நகரும்போது உதறல் இருக்கிறதா என்று பாருங்கள், ஆயில் மாற்றிய ரசீது இல்லாமல் எடுக்காதீர்கள். உலர் கிளட்ச் வைத்த இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், அதாவது ஃபோர்டின் பவர்ஷிஃப்ட், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் டிஎஸ்ஜி, இவற்றை இந்தப் பட்ஜெட்டில் தொட வேண்டாம். ஓட்ட அருமையாக இருக்கும், போனால் வண்டி விலையில் பாதி போகும்.

மாடல் என்றால், டொயோட்டா யாரிஸ் அல்லது விட்ஸ், சுசுகி ஸ்விஃப்ட், ஆல்டோ, ஹோண்டா ஜாஸ் அல்லது ஃபிட், ஹூண்டாய் ஐ10, கியா பிகான்டோ. இவற்றில் உங்கள் பக்கத்தில் எது அதிகம் ஓடுகிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல மாடல். உதிரி எளிதாகக் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஒரு யோசனை. சில வண்டிகள் ஒரே தொழிற்சாலையில் வேறு வேறு பெயரில் வந்தவை. டொயோட்டா அய்கோ, சிட்ரோயன் சி1, பெஜோ 107 மூன்றும் 2005 முதல் செக் நாட்டின் கோலின் தொழிற்சாலையில் அடுத்தடுத்து இறங்கியவை. அவற்றின் 1.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மூன்றிலும் டொயோட்டாவுடையதுதான். நிசான் பிக்சோவும் சுசுகி ஆல்டோதான். டொயோட்டா பெயர் ஒட்டியிருப்பதற்குத் தனி விலை வைப்பார்கள், அதே வண்டி மற்ற பெயரில் மலிவாக நிற்கும். அம்மாவுக்கு மட்டும் ஜாஸ் மாதிரி கொஞ்சம் உயரமாக உட்காரும் வண்டி வசதி. வாங்கும் முன் அவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கை:

இதோடு இன்ஜினில் இருப்பது டைமிங் பெல்ட்டா செயினா என்பதையும் கேட்டுவையுங்கள், இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பெல்ட் என்றால் அதற்கு ஆயுள் கெடு உண்டு, கிலோமீட்டருக்கும் வருடத்துக்கும் சேர்த்து. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதும், இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். ஐ10-லேயே பழைய 1.1 இன்ஜினுக்கு பெல்ட், கப்பா என்ற 1.2 இன்ஜினுக்கு செயின். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் வைத்த சின்ன டர்போ இன்ஜின்கள் சில உண்டு, ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ சிட்ரோயனின் 1.2 ப்யூர்டெக் போல. அந்த பெல்ட் பொடிந்து ஆயில் பம்ப் வலையை அடைத்துவிடும். சர்வீஸ் வரலாறு முழுக்கக் கையில் இல்லாமல் அவை வேண்டாம்.

மேகமூட்டம்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். இன்று ஒரு வண்டி பார்த்துவிட்டு வருகிறேன். 9 வருடம் ஆன ஹூண்டாய், பெட்ரோல், மேனுவல், இரண்டாவது ஓனர். ரசீதுகள் ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருந்தார். குளிர்ந்த ஸ்டார்ட் நன்றாக இருந்தது, புகை இல்லை, வெப்பமானி நடுவிலேயே நின்றது. மனத்தை உறுத்துவது இரண்டு. டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். அப்புறம் முன் இடது பக்க ஃபெண்டரின் நிறம் ஒரு கோணத்தில் பார்த்தால் கதவோடு சேரவில்லை. லேசாக இடித்தது, டிங்கரிங் செய்தேன் என்று அவரே சொன்னார்.

நாலாம்கியர்:

டயர் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 1218 என்றால் 2018-ஆம் வருடத்தின் 12-ஆவது வாரம் செய்தது. வெடிப்பு விழுந்துவிட்டது என்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை, நாலு டயர் செலவை விலையில் கழியுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் வண்டியோடு வந்த டயரே அங்கே கிடக்கும்.

எண்ணெய்க்கை:

ஃபெண்டர் தனியாகக் கழற்றி மாட்டுகிற தகடுதான், அது மாறியதால் மட்டும் வண்டியைத் தள்ள வேண்டாம். அடி எவ்வளவு ஆழம் போனது என்பதே கேள்வி. பானெட்டைத் திறந்து ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டிருந்தால் பெயின்ட் விளிம்பில் உரிந்திருக்கும். அது சரிதான், எதிர்பார்த்ததே. அதற்கு உள்ளே, ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் இடமும், முன்னே நீளும் சேஸ் கம்பியும் இருக்கும். இடது வலது இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியாக ஒரே இடைவெளியில் இருக்கும், மூட்டில் பூசிய சீலன்ட் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இடது பக்கம் மட்டும் சுருக்கம், புது பெயின்ட், கோணலான வெல்டிங் என்று தெரிந்தால் அடி சேஸ் வரை போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது நேரான காலிச் சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் முன் சக்கரத்தில் டக் டக் சத்தம் வரக் கூடாது, வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் போயிருக்கிறது. நாலாம் கியரில் குறைந்த வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது.

தென்றல்2:

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தும் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், அதைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சீட்டுக்கு அடியில் ரயில் துருப்பிடித்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

நேர்கோடு:

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான குறைகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று இரவல் வாங்கிப் போங்கள், போனில் புளூடூத் வழியாக இணைப்பது. பழைய குறைகளின் கோட் இருக்கிறதா என்பதோடு, வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் என்ற பகுதியையும் பாருங்கள். எல்லாம் முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில்தான் யாரோ கோட்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சேஸ் எண், வண்டியில் பொறித்ததும் பதிவுச் சான்றில் உள்ளதும் ஓர் எழுத்து விடாமல் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டி மேல் கடன் பாக்கி இல்லை என்பதற்குத் தாள் கையில் வரும்வரை முன்பணம்கூட வேண்டாம்.

மேகமூட்டம்:

பட்டறைக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அவர் மறுக்கவில்லை. அடியில் ஆயில் ஒழுகல் இல்லை. சேஸ் கம்பி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வெல்டிங் தொடப்படவில்லை என்று மெக்கானிக் சொன்னார். ஓபிடியிலும் சுத்தம், ரெடினஸ் எல்லாம் முடிந்திருந்தது. ரீகால் பாக்கி எதுவுமில்லை, கடனும் இல்லை. 1.2 இன்ஜின், செயின்தான். நாலு டயரும் 7 வருடத்துக்கு மேல். முன் பிரேக் பேடும் தேய்ந்திருக்கிறது. டயர், பேட் இரண்டுக்கும் பட்டறையில் எழுதி வாங்கிய தொகையைக் காட்டினேன், அந்தத் தொகையில் முக்கால்வாசியை விலையிலிருந்து கழிக்க ஒத்துக்கொண்டார். அம்மா ஏறி இறங்கிப் பார்த்துவிட்டார், முன் சீட்டில் சிரமமில்லை என்றார். நாளை மறுநாள் பணம் கொடுக்கிறேன். விட்டுப்போனது ஏதாவது உண்டா?

எண்ணெய்க்கை:

நல்ல வண்டியாகத் தெரிகிறது. பணம் கொடுக்கும் முன் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள், இரண்டிலும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். சாவியிலுள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆகும் இம்மொபிலைசர் வண்டிக்குச் சாவி புதிதாகச் செய்வது செலவு பிடிக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், இழுவைக் கொக்கி, எல்லாம் டிக்கியில் இருக்க வேண்டும். ரசீதுக் கோப்பும் உங்களிடமே வர வேண்டும்.

வண்டி கைக்கு வந்ததும் நேராக டயர் கடைக்கு. நாலும் மாற்றி அலைன்மென்ட் பார்த்த பிறகு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். இன்ஜின் ஆயில், கூலன்ட் அதே வாரத்தில். நெடுந்தூரம் அதற்கப்புறம் போங்கள்.